பேஸ்மென்டில் இருந்த சாமான்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை தொலைக்காட்சிப் பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பாடம் இல்லை என்று அர்த்தம். அமெரிக்கர்களின் துப்பாக்கி மோகத்தைப் பற்றிய ஆவணப்படத்தை அப்படித்தான் பார்த்தோம். அதில் ஒருவர் சமையலறை மேசையில் ஒன்பது துப்பாக்கிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் செல்லப்பெயர் சொன்னார். எதற்கு இத்தனை என்று கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் இருக்கிறதே, பயமாக இருக்காதா என்றார். அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் அவர்கள் இவரைக் கைகாட்டினார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் இருந்த மொன்றியலிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் அந்த நாடு வந்துவிடும் என்று ஆசிரியை சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுப்பாடம் ஒரே ஒரு கேள்விதான். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பெற்றோரைக் கேட்டு எழுத வேண்டும்.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை முடித்து வந்து, குடியுரிமைச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சோதனை. அதில் தவறினால் வீடே தலைகீழாகிவிடும் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

"அப்பா, எங்கட வீட்டில துவக்கு இருக்கோ?" எங்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி என்றால் துவக்கு.

அவர் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். "அந்தச் சொல்லை வாயால சொல்லக்கூடாது. சாமான் எண்டு சொல்லு," என்று கிசுகிசுத்தார். "உதெல்லாம் ஏன் கேக்கினம்? பேந்து பாப்பம்."

பேந்து என்றால் பிறகு; அப்பாவின் அகராதியில் அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று பொருள். நான் சமையலறைக்குப் போய், அவரைப் போலவே கிசுகிசுப்பாகக் கேட்டேன்.

"அம்மா, எங்கட வீட்டில சாமான் இருக்கோ?"

அம்மாவும் குரலைத் தாழ்த்தினார். "ஓம், பேஸ்மென்டில நிறையக் கிடக்கு. மாமா துறைமுகத்தில இருந்து மாதாமாதம் கொண்டுவந்து இறக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை, பிள்ளை. பேந்து எல்லாரும் வந்து கேப்பினம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசையில் ஒன்பது என்ன, எங்களிடம் ஒரு பேஸ்மென்டே இருந்தது! பள்ளியில் கற்ற அத்தனை நல்ல பிரெஞ்சையும் செலவழித்து எழுதினேன். மாமாவை விடவில்லை, துறைமுகத்தையும் விடவில்லை. கடைசியில் "இது இரகசியம்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

மறுநாள் பின்னேரம் ஆசிரியையும் தலைமையாசிரியரும் வாசலில் நின்றார்கள். பொலிசைக் கூப்பிடுமுன் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று ஆசிரியைதான் மன்றாடியிருக்கிறார். மொழிபெயர்க்க வீட்டில் என்னைவிட்டால் ஆளில்லை. நான் எழுதியதை நானே தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என்ர சிற்றிசன்சிப் போச்சு!"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு பேஸ்மென்ட் கதவைத் திறந்தார். சிவப்பு அரிசி மூட்டைகள், தேங்காய்ப்பால் அடைத்த ரின்கள், ஒரு பெரிய சாக்கு நிறையச் செத்தல் மிளகாய். மாமா வேலைசெய்யும் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில், உறை கிழிந்ததென்று வேலையாட்களுக்குக் கொடுப்பவை. தலைமையாசிரியர் கடமை தவறாதவர். சாக்கின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு அதே கையால் கண்ணைக் கசக்கினார். அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவி முடிக்கும்வரை யாருக்கும் வேறு யோசனை இருக்கவில்லை.

அப்பா சோதனையில் சித்தியடைந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாமான் என்றால் அப்பாவுக்குத் துப்பாக்கி, அம்மாவுக்கு மளிகை என்று விளங்கியதும் ஆசிரியை கண்ணீர் வரச் சிரித்தார். போகும்போது அப்பாவிடம் ஒன்று கேட்கும்படி என்னிடம் சொன்னார். துப்பாக்கிக்குத் தமிழில் சொல் இருக்கும்போது அப்பா ஏன் அதைச் சொல்வதில்லை?

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அப்பா, "சும்மா, ஊர்ப் பழக்கம் எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். வளர்ந்த மனிதர் ஒரு சொல்லுக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது. படத்தில் வந்தவர்கள் எல்லோரும் அதைக் கையில் பிடித்திருந்தவர்கள். அப்பா, ஊரில் சண்டை நடந்த காலத்தில், அதன் முன்னால் நிறுத்தப்பட்டவர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.