கலைத்துப் போட்ட இழைகள்

என் மனைவிக்கு நெட்டையனைப் பிடிக்காது. ஆள் நல்லவன்தான். அவன் செய்த மருந்து வேலை செய்கிறது, அதுதான் பிடிக்கவில்லை.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே நோய்: மூட்டு வீக்கம். வீக்கத்தைக் கிளப்பும் புரதத்தைச் செய்யச் சொல்லி செல்லுக்குள் எழுத்தெழுத்தாக ஒரு கட்டளை ஓடுமாம். அந்த எழுத்துகளோடு ஜோடி சேரும் எதிரெழுத்துகளில் ஒரு குட்டி இழை செய்து அனுப்பினால், அது கட்டளைமேல் போய் ஒட்டி அதை முடக்கிவிடும். இந்த வேலையை அங்கே ஆரம்பித்தவள் இவள்தான். ஆனால் இவளுடைய இழை எலிகளின் ஈரலைக் கெடுத்தது. பின்னால் வந்த நெட்டையன், அதே கட்டளையில் வேறோர் இடத்தில் ஒட்டும்படி ஒன்று செய்தான். எலிகளின் பாத வீக்கம் வடிந்தது. அன்று இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் போட்ட ரோட்டுல அவன் வண்டி ஓட்டுறான்!"

எங்களோடு இருக்கும் அவள் அக்காவுக்கு விரல்கள் வீங்கிக் கோணிவிட்டன. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது இவள்தான். "உன் கைக்கு என் கையாலதான் மருந்து" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த வேலையிலேயே சேர்ந்தாள். வயிற்றெரிச்சலின் வேர் அதில் இருக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காகச் சாப்பிட உட்கார்ந்தாலும் நெட்டையன், படுத்தாலும் நெட்டையன் என்றால்?

ஒருநாள் பாடிக்கொண்டே வந்தாள். அவனை மடக்க ஒரு பிடி கிடைத்துவிட்டதாம். மருந்து இழையின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு, டம்மி இழை ஒன்று செய்து வேறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். டம்மிக்கும் வீக்கம் வடிந்தால், கட்டளையில் ஒட்டியது என்பதெல்லாம் வெறும் கதை. நெட்டையன் ஒரே ஒரு டம்மியோடு நிறுத்தியிருந்தான்; அது போதாதாம்.

"நான் விதவிதமா கலைச்சு செய்யப்போறேன். எந்தக் கூண்டுக்கு எதுன்னு எனக்கே தெரியாம வைக்கச் சொல்லியிருக்கேன். பொறாமையில பண்ணினேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க."

"அப்போ பொறாமை இல்லையா?"

"நிறைய இருக்கு. உங்களுக்கென்ன?"

பாதங்களை அளந்ததும் இவளே. எந்தக் கூண்டுக்கு எது என்ற குறியீட்டைப் பிரித்துப் பார்த்தால், டம்மி வாங்கிய எலிகள் எல்லாம் நொண்டிக்கொண்டிருந்தன. வடிந்தது நெட்டையன் மருந்துக்கு மட்டும். அவன் ஓடிவந்து, "மேடம், இனிமே யாரும் இதைச் சந்தேகப்பட முடியாது. எல்லாம் உங்களாலதான்" என்றானாம். அதைச் சொல்லும்போது பல்லை நறநறவென்று கடித்தாள்.

மறுநாள் காலை, அக்காவுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அது ஏன்க்கா நானா இருந்திருக்கக் கூடாது?"

"யாரா இருந்தா என்னடி? எனக்கு என் பொத்தானை நானே போட்டுக்கணும். மனுஷங்களுக்கு எப்போ வருமாம்?"

"வருஷக்கணக்காகும். வந்தாலும் வரும், வராமலும் போகும்."

"வரட்டும். அந்தப் புள்ள நல்லாயிருக்கணும்."

என் மனைவி கழுத்துப் பொத்தானை மட்டும் இழுத்து இறுக்கிப் போட்டாள்.

"அடியே, மூச்சு முட்டுது!" என்றார் அக்கா.