விசாவுக்கு வளர்த்த தாடி

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

நான் பழக்க தோஷத்தில் கைகூப்பி, "வணக்கங்க" என்றேன்.

மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படியும் ஒரு பிறவியா என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு துறையூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவர் மேல் தப்பில்லை. தப்பு என் தாடி மேல்.

இந்தப் பக்கத்தின் மூலையில் வாராவாரம் மழமழவென்று சிரிக்கிறாரே ஒரு ஆசாமி... அந்தப் படத்தை நம்பிப் பஸ்ஸில் என்னைத் தேடாதீர்கள். இப்போது எனக்குத் தாடி நெஞ்சுவரை இருக்கிறது. பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. குளித்துவிட்டு வந்தால் அதைத் துவட்ட மட்டும் தனியாக ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. ரசம் சாதம் சாப்பிட்டால் பாதி எனக்கு, பாதி அதற்கு.

ஏன் இந்தக் கோலம்? எல்லாம் அமெரிக்காவால் வந்தது.

என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். இப்போது நிறைமாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது நம் வழக்கம். மகளால் வர முடியாது. ஆகவே அம்மா வீடுதான் விமானம் ஏறியாக வேண்டும். ஏற வேண்டுமானால் விசா வேண்டும்.

என் மனைவி சரோஜாவுக்கு விசா ஆபீஸ் மேல் நம்பிக்கை கிடையாது. நேரே செட்டிகுளம் போனாள். மலையேறி முருகனிடம் முறையிட்டாள். இறங்கி வந்து என்னிடம் தகவல் சொன்னாள்.

"என்னங்க, ரெண்டு பேருக்கும் விசா கிடைக்கிற வரைக்கும் நீங்க முடியில கத்தி வைக்கக் கூடாது. கிடைச்சதும் மலையில வந்து மொட்டை போட்டுக்கறீங்க. வேண்டிக்கிட்டேன்."

முடி என்னுடையது. வேண்டுதல் அவளுடையது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இப்படித்தான் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மகளிடம் போனில் சொன்னோம். பதறிவிட்டாள்.

"அப்பா... இங்க இருக்கிற நிலைமை தெரியுமா? விமானம் மோதிக் கோபுரம் ரெண்டும் விழுந்ததுல இருந்து தாடி வச்சவங்களப் பார்த்தாலே ஒரு மாதிரி பார்க்கிறாங்க. தலைப்பாகை கட்டின சர்தார்ஜிங்களையே அடிக்கிறாங்க. ப்ளீஸ், ஷேவ் பண்ணிட்டு இன்டர்வியூ போங்க."

"வேண்டுதல்டி," என்றாள் சரோஜா.

"எதுக்கும்மா வேண்டுதல்?"

"விசா கிடைக்கிறதுக்கு."

"அந்தத் தாடியாலதாம்மா விசா கிடைக்காது."

எப்படி முடிச்சு? தாடியை எடுத்தால் முருகன் விடமாட்டார். எடுக்காவிட்டால் அமெரிக்கா விடாது. விசா கிடைத்தால் தாடியை எடுக்கலாம். தாடியை எடுத்தால்தான் விசா கிடைக்கும்.

நெற்றி நிறைய விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அதற்கும் மகள் தடை போட்டாள். அங்கே யாரோ தபாலில் விஷக்கிருமி கலந்த வெள்ளைப் பொடி அனுப்பிய நாளிலிருந்து, வெள்ளைப் பொடி என்றாலே ஊரைக் காலி செய்கிறார்களாம்.

இந்த நேரத்தில்தான் பாய் வந்து சேர்ந்தார்.

பாய் என்றால் எங்கள் தெருமுனையில் டயர் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. பல வருடம் துபாயில் உழைத்துவிட்டு வந்தவர். தினமும் காலையில் சவரம் செய்து, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி கடை திறப்பார். அவருடைய மகன் சிகாகோவில் இன்ஜினீயர். அங்கே பிறந்த பேரனுக்கு இப்போது நடை வந்துவிட்டது. பாய் இன்னும் அவனைத் தொட்டுப் பார்த்ததில்லை. மகன் ஊருக்கு வரலாமே என்பீர்கள். வந்தால் திரும்பிப் போகும்போது விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு வேலை போய்விடுமோ என்று பயம். ஆகவே பாயே கிளம்பிவிட்டார். அவருக்கும் அதே நாளில்தான் இன்டர்வியூ.

என் தாடியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், என்னப் பெத்த அத்தாவுக்கே இந்த அளவு தாடி கெடையாது. வாங்க, நாம ஒண்ணாவே போவோம். உங்கள வச்சுத்தான் எனக்கு விசா கெடைக்கணும். 'பக்கத்துல நிக்கிறவருக்கு இவரு பரவால்ல'ன்னு குடுத்துருவான்."

நான் என்ன செய்வது? சிரித்தேன். சிரித்தது வெளியே தெரிந்திருக்காது.

இன்டர்வியூவுக்கு முதல்நாள் சாயங்காலம் மூவரும் சென்னையில் இறங்கினோம். விசா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். பாய் எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றார். சரோஜாவைப் பெட்டிகளோடு வாசலில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் உள்ளே போய் ரூம் கேட்டேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "ரூம் இல்லைங்க" என்றார். அவருக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். "இருங்க, நான் கேக்குறேன்" என்று போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். பவுடர் முகத்தைப் பார்த்ததும் சாவிகளுக்கு உயிர் வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு ரூம். கவுன்ட்டர்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கூட வந்திருக்காரே, அவரு பாயா சார்? தப்பா நினைக்காதீங்க. போலீஸ் வந்து கேள்வி கேக்குறாங்க. நமக்கெதுக்கு வம்பு?"

பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சேச்சே, அவரு முருக பக்தருங்க. செட்டிகுளம் மலைக்கு நேர்ந்துக்கிட்டது."

"அப்பச் சரி. வரச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரோஜாவை ஜாடை காட்டி உள்ளே கூப்பிட்டேன். கவுன்ட்டர்காரர் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பாயின் முன்னால் வைத்தார். பாய் பேனாவை எடுத்து... என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு ரூமுக்கும் உங்க பேரையே போடுங்க சார்."

"உங்க ரூமுக்கு உங்க பேரைப் போடுங்களேன்."

"போடுங்க சார். உங்க பேரு போட்டாத்தான் நிம்மதியாத் தூங்கலாம்."

மெதுவாகத்தான் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது... என் வேஷம் ஒரு சவரத்தில் கலைந்துவிடும். இந்த மனிதர் காலையில் எத்தனை மழமழப்பாகச் சிரைத்தாலும் பெயர் திரும்ப முளைத்துவிடுகிறது.

எழுதினேன். சரோஜா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் இன்டர்வியூ. தாடியை நீவி நீவி, கந்தர் சஷ்டி கவசத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு ஜன்னல் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால்...

உள்ளே இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தாடி! என்னுடையதைவிட அடர்த்தி. செம்பட்டை நிறத்தில், சோளக் கதிர் குஞ்சம் மாதிரி.

இரண்டு தாடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர் முதலில் சிரித்தார். மகள் என்ன செய்கிறாள், எப்போது பிரசவம், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். சரோஜாவுக்கு வாழ்த்துச் சொன்னார். காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இருவருக்கும் விசா.

அடுத்த ஜன்னலில் பாய். இஸ்திரி போட்ட சட்டை, பவுடர் முகம், அடுக்கி வைத்த காகிதங்கள். அங்கிருந்த அம்மாளும் மரியாதையாகத்தான் பேசினார். எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

"எவ்வளவு நாளாகுங்க மேடம்?"

சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத்தான் கொதித்தது. பாய் சாவகாசமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் வூட்ல பெரிய எழவு விழுந்திருக்கு சார். எழவு விழுந்த வூட்ல வாசலுக்கு வர்றவன எல்லாம் உத்துத்தான் பார்ப்பான். நமக்கும் நேரம் சரியில்ல."

"அதுக்காக, பேரப்புள்ளையப் பார்க்கப் போற தாத்தாவையா?"

"தாத்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பேரப் பார்க்குறான். பேருல தாத்தான்னா எழுதியிருக்கு?"

அப்புறம் மகன் போனில் சொன்ன கதையெல்லாம் சொன்னார். கடையில் பால் வாங்க நின்றபோது எவனோ ஒருவன் 'உன் ஊருக்குப் போ' என்று கத்தினானாம். அன்றைக்குச் சாயங்காலமே, விஷயம் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, 'யாராவது ஏதாவது சொன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டு' என்றாராம்.

"அந்த நாட்டையே ஆளுறவரு பள்ளிவாசலுக்கே போயி, செருப்பக் கழட்டிட்டு, இவங்களும் நம்ம ஜனங்கதான்னு பேசினாராமே சார். பேப்பர்ல படம் வந்துச்சு."

வந்தது. நானும் பார்த்தேன். நம் தலைவர்களும் ரம்ஜான் வந்தால் தொப்பி போட்டுக்கொண்டு நோன்புக் கஞ்சி குடிக்கிறார்கள். கஞ்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் மைக் முன்னால் ஒன்று சொல்கிறார், ஆபீசுக்கு உத்தரவாக வேறொன்று போகிறது. லாட்ஜ் கவுன்ட்டர்காரருக்கும் பால் கடையில் கத்தியவனுக்கும் காதில் விழுவது இரண்டாவதுதான். கேக் சுட்ட அம்மாவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் எல்லாத் தேசமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாளே செட்டிகுளம் கிளம்பத் தயாராகி, துண்டும் கையுமாக நின்றேன். மொட்டை அடித்தால் காற்று எப்படி வீசும் என்று கற்பனை வேறு.

சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மொட்டைக்கு. விசாதான் வந்துருச்சே."

"பாய்க்கு வரலையே."

"அது... வேண்டுதல் நம்ம ரெண்டு பேருக்குத்தானே?"

"லாட்ஜுல பேரு எழுதுனீங்களே, அப்பவே மூணு பேருன்னு மாத்திட்டேன். முருகன்கிட்டச் சொல்லியாச்சு."

பார்த்தீர்களா? சிக்னேச்சர் என்னுடையது. ஷரத்தை மாற்றியது அவள்.

விஷயம் தெரிந்து பாய் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் நின்றபடியே கெஞ்சினார்.

"தங்கச்சி, இது வேணாம்மா. அங்க ஏர்போர்ட்ல இறங்குனதும் சாரத் தனியாக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுருவான். எனக்காக இவரு எதுக்கு மாட்டிக்கணும்? நீங்க புள்ளப்பேறு பார்க்கப் போறவங்க. எடுத்துறச் சொல்லும்மா."

"நீங்க பேசாம இருங்கண்ணே. இது எனக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சு."

"அவரு தாடிம்மா."

"அவரையே நான்தாண்ணே வச்சுப் பார்த்துக்கறேன். தாடியப் பார்த்துக்க மாட்டேனா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். சிரிக்கத்தான் வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுடரெல்லாம் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஃப்ளைட். பாய்க்கு இன்றுவரை தகவல் இல்லை. பேரனுக்கென்று அவர் வாங்கிய சின்னச் சைக்கிள் ஹாரன் ஒன்று எங்கள் பெட்டியில் இருக்கிறது. மகளிடம் கொடுத்துச் சிகாகோவுக்குத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும். ஏர்போர்ட்டில் தாடியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று தினமும் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கிறேன். 'ஐயா, இது என் நண்பர் உங்கள் ஊருக்கு வருவதற்காக வளர்க்கிற தாடி.' உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நேற்றுப் பாய் வந்திருந்தார். ஒரே ஒரு உதவி கேட்டார்.

"தாடி யாருக்குன்னு கேட்டா, ஃப்ரெண்டுக்குன்னு மட்டும் சொல்லுங்க சார். பேரச் சொல்லிராதீங்க. அப்புறம் உங்களையும் உள்ள விடமாட்டான்."

சொல்லவில்லை. இவ்வளவு எழுதியும் அவர் பெயரை இங்கேகூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா?

அவருக்கு விசா வருகிற நாளில் எழுதிவிடலாம். அன்றைக்கு எனக்குத் தாடி இருக்காது. அவருக்குப் பெயர் இருக்கும்.