ஓர்டாஸுக்கு ஒரு வெள்ளிக் கால்

சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெயசிங்குக்கு டென்னிஸ் பைத்தியம் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேருக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. குக்கர் வாங்க வருகிறவர்கள் கடை டி.வி.யை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கிரிக்கெட்டு வைங்க அண்ணாச்சி" என்பார்கள். வைக்கமாட்டார். ரெண்டாந்தரம் கேட்டால், "குக்கர் வேணுமா, கிரிக்கெட்டு வேணுமா?" என்பார். ஆளுக்கு மூக்குக்கு மேலே கோபம். இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

டென்னிஸ் அவருக்கு வந்தது மகள் விஜிதாவால். ஒன்பதாம் வகுப்புக் கோடை லீவில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வெளியே போகக்கூடாது, யாரும் வரவும் கூடாது. பிள்ளை அழுதுகொண்டே கிடக்கிறதே என்று டி.வி.யை அந்த அறைக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். சேனலைத் தள்ளிக்கொண்டே போனதில் ஐரோப்பாவில் எங்கோ செம்மண் தரையில் நடந்த கிளே கோர்ட் ஆட்டம் ஒன்று வந்தது. ஓர்டாஸ் என்கிற அர்ஜென்டினாக்காரன் பந்துக்குப் பாய்ந்து, சறுக்கி விழுந்து, முதுகெல்லாம் செம்மண்ணாக எழுந்து நின்றான்.

"யப்பா, நம்ம செவக்காட்டுல உருண்டு எந்திரிச்சவன் மாரி இருக்காம்பா!" என்று விஜிதா சிரித்தாள். நாலு நாளைக்குப் பிறகு பிள்ளை முகத்தில் வந்த சிரிப்பு. ஜெயசிங் அன்றைக்கே ஓர்டாஸின் ஆளாகிவிட்டார்.

அதன் பிறகு வருஷா வருஷம் கோடை வந்தால் அப்பனும் மகளும் டி.வி. முன்னால்தான். மண்தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்ப்பார். அவர் வந்து சேர்வதற்குள் இங்கே உள்ளே, வெளியே என்று சண்டை நடந்து முடிந்திருக்கும். "ரெண்டுக்கும் கழண்டுபோச்சு" என்று சமையற்கட்டிலிருந்து ஏஞ்சல் சத்தம் போடுவாள். ஏஞ்சல் அவருடைய சம்சாரம்.

அப்படிப்பட்ட மகள், கரிவலம்வந்தநல்லூர் கோமதிசங்கரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். விவசாயக் குடும்பம், பையனுக்கு ஆபீஸ் வேலை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கல்யாணம் சங்கரன்கோவிலில், கோமதியம்மன் சன்னதியில். இவர்களோ தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஜெயசிங் குதித்தார்.

"அந்தக் கோவில் வாசப்படியை என் காலு மிதிக்காது. நீ போறதுன்னா போ" என்றார்.

போனாள். கல்யாணத்தன்று அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, எவர்சில்வர் குடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் கடை வரைக்கும் கேட்டது.

விஜிதா குடியிருப்பது சிவகிரியில். பஸ் ஏறினால் பொழுதோடு போய்விட்டு வந்துவிடலாம். ஏஞ்சல் போய்வருவாள். இவர் போகவில்லை. மகளும் கூப்பிடவில்லை. பேச்சே அற்றுப்போய் ஒரு வருஷம் கழிந்து, அடுத்த கோடையில் அவருடைய போனுக்கு ஒரு வரி வந்தது. "ஓர்டாஸ் ஜெயிச்சுட்டான்." அப்பா என்ற சொல் இல்லை. கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது மனுசனுக்கு. "பாத்தேன்" என்று பதில் போட்டார்.

அதிலிருந்து ஓர்டாஸ் ஆடுகிற நாளில் மட்டும் ரெண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள். ஆட்டத்தைப் பற்றித்தான், வேறு பேச்சுக் கிடையாது. ஒருதரம் ஆசை தாங்காமல், "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கோடை முழுக்க அவள் எழுதவே இல்லை. அதோடு புத்தி வந்தது. மகளுக்கும் தனக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ஓர்டாஸ் ஒருத்தன்தான் என்று தெரிந்துகொண்டார்.

அந்த ஓர்டாஸுக்கு இப்போது முட்டி போய்விட்டது. இந்தப் போட்டியில் கால் தாங்கவில்லை என்றால் இனி ஆடப்போவதில்லை என்று அவனே சொல்லிவிட்டான். செய்தியை ஜெயசிங் ரெண்டுதரம் படித்தார். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிப் பார்த்தார். மனசு அடங்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள், யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாதென்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு கோவில் வாசல் கடைக்குப் போனார்.

அங்கே பாம்பு, தேள், கண், கை, கால் என்று தகட்டில் உரு விற்பார்கள். எந்த உறுப்பில் நோவோ அந்த உருவை வாங்கிச் செலுத்துவது ஊர் வழக்கம். ஜெயசிங் ஒரு காலை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். முப்பது வருஷப் பாத்திரக்காரர் அல்லவா, வெறும் தகரம் என்று விரல் சொன்னது. நல்ல வெள்ளியில் கேட்டு வாங்கினார். எந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்றாரோ அதை மிதித்து உள்ளே போனார். வரிசையில் நின்று, கோமதியம்மனுக்கு நேராக அந்தக் காலைத் தூக்கிக் காட்டினார். "அவன் ஆடட்டும். எம்பிள்ளை எனக்கு எழுதட்டும்" என்று வேண்டிக்கொண்டு, காலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். பக்கத்து ஜவுளிக்கடை நியாஸ் அகமது வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டென்னிஸ் தெரியாது, சிநேகிதத்துக்காகப் பார்க்கிறவர். ஓர்டாஸ் முதல் செட்டை அள்ளிக்கொண்டு போனான். சிவகிரியிலிருந்து "முட்டி நல்லாருக்கு போல" என்று வந்தது. ஜெயசிங் பையிலிருந்து வெள்ளிக் காலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தடவினார்.

"இதென்ன வே கையில?"

சொன்னார். நியாஸ் கோவில் தெருவில் பிறந்து வளர்ந்தவர். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏ கூறுகெட்ட மனுசா, இதை உண்டியல்ல போட்டுட்டுல்லா வரணும்! கையோட கொண்டாந்துட்டா என்ன அர்த்தம்? அவன் நோவை அங்கன விடாம நீரே தூக்கிட்டு வந்துட்டீரு!"

"ஐயையோ! எனக்கு யாரு சொன்னா?"

"என்னைக் கேக்க வேண்டியதுதானே வே!"

டி.வி.யில் ஓர்டாஸ் காலை உதறிக்கொண்டிருந்தான். ரெண்டாவது செட் கைவிட்டுப் போனது. மூன்றாவதில் ஒரு பந்துக்கு நீட்டிச் சறுக்கியவன், முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். ஜெயசிங் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடினார். பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று தெருவே பார்த்தது.

கோவிலில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார்.

கடையில் நியாஸ் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். "ஆட முடியாம, எதிராளிக்குக் கையைக் குடுத்துட்டுப் போயிட்டாம் வே. கூட்டமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுது" என்றார். ஓர்டாஸ் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். போனில் ஒரு வரி கிடந்தது. "இனி ஆடமாட்டான்."

இனி அவளும் எழுதமாட்டாள். அந்தப் பயத்தில்தான் ஜெயசிங் அதைச் செய்தார். வெள்ளிக் காலைப் படம் பிடித்து அனுப்பி, "கோமதியம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். அவனுக்காக" என்று எழுதினார்.

போன் அடித்தது. மகள்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! எடுத்துக் காதில் வைத்தார்.

"கோவிலுக்கா போனிய?"

"ஆமா மக்கா."

"உள்ளயா?"

"உள்ளதாம் மக்கா. அம்மன் முன்னாலயே நின்னேன்."

"அங்கனதாம்ப்பா நான் மாலையோட உக்காந்திருந்தேன். நீங்க உள்ள வரவேண்டாம், வாசல்ல வந்து நின்னாப் போதும்னு, தாலி கட்டுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எவனோ ஒருத்தன் முட்டிக்குப் போகத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

"அவனுக்காகவா போனேன்? உனக்காகத்தாம்ட்டி போனேன்."

"தெரியும். எனக்காக அன்னைக்கு வந்திருக்கலாம்லா, அதாம்ப்பா மனசு ஆறமாட்டேங்கு" என்றாள். "வைக்கேன்."

வைத்துவிட்டாள். எதிரே எடைத் தராசுக்குப் பக்கத்தில் வெள்ளிக் கால் கிடந்தது. ஜெயசிங் அதை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டார்.

அடுத்த கோடையிலும் கிளே கோர்ட் ஆட்டங்கள் வந்தன. "புதுசா ஒரு பையன் நல்லா ஆடுதான்" என்று எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. இப்போதெல்லாம் வாடிக்கைக்காரர்கள் கேட்டால் பேசாமல் கிரிக்கெட் வைத்துவிடுகிறார். வெள்ளிக் கால் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது. ஒருநாள் சில்லறை மாற்ற வந்த நியாஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னுமா போடல? கோவில்ல நடை திறந்துதான் இருக்கு, போய் உண்டியல்ல போட்டுட்டு வாரும்வே."

"யாருக்குன்னு சொல்லிப் போட?" என்று கேட்டுவிட்டு ஜெயசிங் பெட்டியை மூடினார்.