காளஹஸ்தியிலிருந்து நேரே வீட்டுக்கு

எல்லாம் ஒரு தபால் கார்டால் வந்த வினை. "ஆபீஸ்காரர்கள் முப்பது பேர் பஸ் பேசியிருக்கிறோம். திருப்பதி, திருச்சானூர், காளஹஸ்தி மூன்றும் ஒரே நாளில். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லக் கைடு உண்டு. திரும்பும்போது சாயங்காலம் நம் ஊர் ரோடு வழியாக வருவோம்" என்று நைனாவுக்கு எழுதிப் போட்டேன். பெருமை பீற்றிக்கொள்ள எழுதியதுதான், வேறொன்றும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

எல்லைத் தகராறு தீர்ந்து, சத்தியவேட்டுப் பக்கத்து எங்கள் கிராமத்தை ஆந்திராவில் சேர்த்த மறு வருஷம் அது. நான் சென்னையில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை, திருவல்லிக்கேணியில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன். எந்த ஊர் என்று ஆபீஸில் கேட்டால் "செங்கல்பட்டு ஜில்லா" என்பேன். முந்தின வருஷம் வரைக்கும் அது உண்மை.

விடியுமுன் கிளம்பிய பஸ் நகரியைத் தொட்டதும் கைடு எழுந்து நின்றான். "ஆந்திரா வந்தாச்சு. இனிமே யாரும் சாப்பிட மாட்டாங்க, துன்னுவாங்க. அப்பா கிடையாது, நைனாதான்." பஸ் குலுங்கச் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். அதோடு விட்டேனா? காளஹஸ்தியில் சுவர்ணமுகியைக் காட்டி, "இது என்ன ஆறு?" என்று கைடிடம் ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். சிறுவயதில் நைனாவின் தோளில் உட்கார்ந்து நான் கடந்த ஆறு அது. கைடு சொன்ன கதையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அங்கேதான் பயம் பிடித்தது. நைனாவை எனக்குத் தெரியும். கார்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார், கட்டாயம் ரோட்டுக்கு வந்துவிடுவார். முப்பது பேரையும் வீட்டுக்குக் கூப்பிடுவார். ஓலைக் கூரை, வாசலிலேயே மாடு, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக அவர் பேச்சு. தலைமை குமாஸ்தா வேறு சம்சாரத்தோடு வந்திருந்தார்.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் கைடு எல்லாரையும் நிறுத்திச் சொன்னான். "காளஹஸ்தி பார்த்தா நேரா அவங்கவங்க வீட்டுக்குத்தான் போகணும். வழியில வேற யார் வீட்டுலயும் கால் வைக்கக் கூடாது. அது ஐதீகம்." எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. அன்றைக்கு என்னவோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி இருந்தது எனக்கு.

நாகலாபுரம் தாண்டி எங்கள் ஊர்த் திருப்பத்தில், பொழுது சாயும் நேரத்தில், நைனா ரோட்டின் நடுவிலேயே நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. ஓரமாக எங்கள் மாட்டுவண்டி. மாடுகளைக் குளிப்பாட்டியிருந்தார். வண்டியில் புது வைக்கோல் பரப்பி, மேலே யாரிடமோ கேட்டு வாங்கிய ஜமக்காளம் விரித்திருந்தது. டிரைவர் பிரேக் போட்டார்.

நான் குதித்து இறங்கிப் படியை மறித்தமாதிரி நின்றுகொண்டேன். நைனா என்னைத் தாண்டி பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லாரும் எறங்கி வாங்க சார். ஊடு கிட்டத்துலதான் கீது. கடலை அவிச்சி, மோர் கரைச்சி வச்சிக்கினு காத்துக்கினு கீறா இவங்கம்மா. பொம்பளைங்க வண்டில ஏறிக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. தலைமை குமாஸ்தா செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க அப்பாவா? சொல்லவே இல்லையே நீ. ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடலாம்" என்றார். அவருடைய சம்சாரம் எழுந்தே விட்டாள். அவர்கள் வரத் தயாராக இருந்தார்கள். அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"காளஹஸ்தி போய்ட்டு வரோம் நைனா. வேற யாரு ஊட்டுக்கும் போவக் கூடாது" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன்.

தலைமை குமாஸ்தா கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நைனா என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குத்தான் அது வேறு வீடு, எனக்கு அது வீடு. காளஹஸ்தியிலிருந்து நான் நேரே போயாக வேண்டிய இடமே அதுதான். நைனாவுக்கு அது தெரியாதா?

"ஆமா, போவக் கூடாது. நாந்தான் மறந்துட்டேன்" என்றார். "நீ ஏறு கண்ணு. அவங்களுக்கு நேரமாவுது."

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் இறக்கிவிடும்போது கைடு ஒவ்வொருவரிடமும் "நேரா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினான். நான் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனேன்.

பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போனேன். வெட்கத்தில் அதுவரை கடிதம்கூடப் போடவில்லை. அம்மா கோபமாக இருப்பாள், திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தயாராகப் போயிருந்தேன். அவள் சிரித்த முகமாகச் சோறு போட்டாள். எதிரில் நைனாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க பஸ்ஸு இந்தப் பக்கம் வரவே இல்லியாமே?" என்றாள் அம்மா. "பாவம், உங்க நைனா இருட்டற வரைக்கும் ரோட்டுலயே நின்னு பாத்துட்டு வந்தாரு. அவ்ளோ கடலையும் தெருவுக்குத்தான் குடுத்தேன்."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை.

"ஆமாம்மா," என்றேன். "நாயுடுபேட்டை வழியா போய்ட்டாங்க."

"அவனுக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார் நைனா.