விழாத் தலைவரின் சீப்பு

கொட்டாஞ்சேனை மண்டபம் ஒன்றில்தான் அந்தத் தலைவரைப் பார்த்தேன். வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருப்பவர். ஏழைப் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று ஒரு சங்கமும் நடத்தினார். தலையில் நாலு முடிதான். ஆனாலும் கேமரா தன் பக்கம் திரும்பினால் போதும், சட்டைப்பையிலிருந்து சீப்பு வெளியே வந்துவிடும்.

புத்தகப்பை கொடுக்கும் விழாவைப் பள்ளிக்கூட நாளில், காலையிலேயே வைத்திருந்தார். பிள்ளைகள் யூனிஃபோர்மில் நின்றால்தான் படம் எடுப்பாக இருக்குமாம். வராத பிள்ளைக்குச் சங்கம் தரும் மாத உதவியும் நின்றுவிடும்.

தெமட்டகொடையிலிருந்து மகளோடு வந்த தாய் ஒருத்தி அவரிடம் கெஞ்சினாள்.

"ஐயா, இன்னைக்குப் புள்ளைக்குத் தவணைப் பரீட்சை. பேக்கைத் தந்தீங்கன்னா ஓடிருவோம்."

"சீஃப் கெஸ்ட் இன்னும் வரேல்லையம்மா, இருங்கோ. உங்கட பிள்ளையின்ர படிப்புக்காகத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுறம்?"

சீஃப் கெஸ்ட் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தலைவர் தலையைச் சீவிக்கொண்டு அந்தச் சிறுமியிடம் பையை நீட்டினார்.

"ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது, என்ன?"

"இன்னைக்கு மட்டுந்தான் போகல்ல, சேர்."

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வெளியே பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை தரம் தலை சீவிய மனிதர், ஒரு தரமாவது கண்ணாடி பார்த்திருப்பாரா?