இறக்கக்கண்டி வாடிக்குப் போன பூனைகள்

விடிந்தும் விடியாததுமாக இரண்டும் கத்தத் தொடங்கிவிடும். ஒன்று கறுத்த கடுவன். மற்றது அதன் தாய், புள்ளிக்காரி. குசினிக் கதவைப் பிறாண்டி, தகரக் கூரையில் ஏறி ஓடி, திரும்பவும் என் தலைமாட்டில் வந்து நின்று கத்தும். துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்கூட ஒருதரம் ஊதிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இந்தச் சனியன்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

பூனைகள் என்னுடையவை அல்ல. என்னோடு சேர்ந்து வாடகைக்கு இருந்த, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிற பெண்ணுடையவை. கிண்ணியாவில் புருசன் விட்டுவிட்டுப் போனபின், டவுனுக்குத் தையல் வேலைக்கு வந்தவர். அவருக்கு வேறு யாரும் இல்லை.

“ராத்தா, இதுகளின்ர வாயை அடைக்கமாட்டீங்களோ? எனக்கு விசர் பிடிக்கப்போகுது.”

“பசிக்குது புள்ள. பசிச்சா நீயுந்தானே கத்துற.”

என்ன சொல்வது! உண்மைதான். நான் புடவைக்கடையில் நின்று கால் கடுத்து வரும்போது, கடுவன் கேற்றடியில் காத்திருக்கும். அன்று நடந்த அநியாயம் முழுவதையும் முறையிட்டுக்கொண்டே முன்னால் நடக்கும். காய்ச்சலில் கிடந்தபோது என் வயிற்றில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. எனக்கு அதில் உயிர். வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரரின் மகள் பிள்ளை பெற்று வந்தார். கூரையில் பூனை ஓடினால் குழந்தை திடுக்கிட்டு அழும். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, “பூனையள் போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்” என்றார். வேறு வீடு தேடி அலைந்தோம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, “ஆம்பிளைத் துணை ஆர்?” அதோடு கதை முடிந்துவிடும்.

டவுனில் பூனை கூடிப்போனால் மீன்வாடியில் கொண்டுபோய் விடுவது வழக்கம். கரைவலைக்காரர் கடற்கரையில் குடிசை போட்டுத் தங்குகிற இடம். தின்ன மீன் இருக்கும், எலி பிடிக்கப் பூனையும் தேவை. கூடையில் இரண்டையும் போட்டு இறக்கக்கண்டிக்கு பஸ் ஏறினோம். நிலாவெளி தாண்டும்வரை ஓயாத ஒப்பாரி. “அக்கா, இவையளுக்கும் டிக்கெட் எடுங்கோ” என்று கண்டக்டர் பகிடி விட்டார்.

வாடியில் சூடை மீன் பாய் பாயாகக் காய்ந்தது. கொழுத்த பூனைகள் திரிந்தன. சமையல்காரர் சிரித்தார்: “விட்டுட்டுப் போங்கோ, இஞ்ச இதுகளுக்கு நாளும் கலியாண வீடுதான்.” ராத்தா வரும் வழியெல்லாம் அழுதார். நல்ல இடத்தில்தான் விட்டிருக்கிறோம் என்று நானும் தேற்றிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இருவரும் வயற்பக்கத்தில் பிறந்தவர்கள். எங்களுக்கு மாரி என்றால் விதைப்பு. மாரியில் இந்தக் கடல் கொந்தளிக்கும், வாடிக்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. மழை தொடங்கிச் சில கிழமைக்குப் பிறகு, கடைக்கு வந்த மீன்காரப் பெண்தான் சொன்னார்: “வாடியோ? அதெல்லாம் எப்பவோ கலைஞ்சுபோச்சு.” ராத்தாவிடம் சொன்னபோது அவர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

போனோம். குடிசைகளில் கம்புகள் மட்டும் நின்றன. ஈர மணலில் ஒரு செதில்கூட இல்லை. புள்ளிக்காரியைக் காணவில்லை, கேட்க ஒரு மனிதரும் இல்லை. கவிழ்த்த தோணியொன்றின் கீழே கடுவன் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

“மனே, வா மனே” என்று ராத்தா பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, மணலில் முழங்காலில் இருந்து, கொண்டுபோன மீனை நீட்டினார்.

அது பார்த்தது. சத்தமே போடவில்லை. வாய் ஓயாத பூனை அது! ஓரடி வைத்தது. பிறகு சட்டென்று திரும்பித் தாழம்பற்றைக்குள் ஓடியது. இருட்டுகிறவரை கூப்பிட்டோம். வரவில்லை.

“என்னத் தெரியாம ஓடல்ல, புள்ள. தெரிஞ்சுதான் ஓடுது.”

மீனை மணலில் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். ஏறி அமர்ந்த பிறகுதான் கண்டேன்: நாங்கள் இருவருமே கூடை கொண்டுவந்திருக்கவில்லை. ராத்தாவும் தன் வெறுங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வந்திருந்தா, எங்க கொண்டுபோயிருப்பம்?” என்றார்.