ஒரு பிழைக்கு ஒரு சன்மானம்

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழை, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றை நான் எழுதியிருந்தேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தேன். பகலில் அலுவலகம், மாலையில் இது.

ஸ்ரீரங்கத்தில் ஸ்தோத்திரப் புத்தகங்களைத் தட்டச்சு செய்யும் மாமி ஒருவர் மாதாமாதம் இருநூறு ரூபாய் நன்கொடை அனுப்புவார். எதையும் கேட்டதில்லை. இதே மென்பொருளைப் பயன்படுத்திய, தென்னூரில் அச்சகம் வைத்திருந்தவர் வேறு மாதிரி.

"நன்கொடையெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க மேடம். 'கொ', 'கோ' எல்லாம் உடைஞ்சு உடைஞ்சு வருது. அதைச் சரிபண்றவங்களுக்கு ஐயாயிரம் தரேன்னு போடுங்க."

போட்டேன். முன்பின் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டே நாளில் சரிசெய்து பணத்தை வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுவாரம் மாமி போன் செய்தார். "ஏம்மா, 'ஸ்ரீ' வர இடத்துலெல்லாம் கட்டம் கட்டமா வரதே. புஸ்தகம் பூரா ஸ்ரீயே இல்லாம போயிடுத்து!"

அந்தத் திருத்தம்தான் காரணம். வெளியூர்க்காரருக்கு எழுதினேன். "அது அந்தச் சன்மானத்துல சேராதுங்க. தனியா அறிவிச்சா பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை.

மூன்று மாலை உட்கார்ந்து நானே சரிசெய்து, மாமி வீட்டுக்கே போய் அவருடைய கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். "இத்தனை நாள் கொடுத்திருக்கீங்க, இதையாவது செய்யணும்ல" என்றேன்.

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "இதுக்குன்னா கொடுத்தேன்? ஏதோ சமர்ப்பணம்னு கொடுத்தேன்."

நன்றி சொல்லப்போய் மனதை நோகடித்துவிட்டேனா? குழப்பத்தோடு பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அச்சகக்காரர், "அடுத்த தடவை நீங்களே சரிபண்ணிட்டு நீங்களே சன்மானத்தை வாங்கிக்கங்க" என்றார். என் மென்பொருளில் பிழை வந்தால் எனக்கே பரிசா? சிரித்து மறுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு பிழை என் கண்ணில் பட்டது. இரண்டு வரி மாற்றினால் போதும். வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. ஆனால் கை அப்படியே நின்றது. யாராவது சன்மானம் அறிவிக்கட்டும் என்று நினைத்தேனா, வெறும் சோம்பலா, எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் விட்டுவைத்தேன். நான்காம் நாள் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.